நிபுணர்களை வளர்க்கின்றனவாம் நிறுவனங்கள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விழா. பெங்களூரிலிருந்து வந்திருந்த மென்பொருள் நிறுவன அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்தார். கல்லூரிகள் வெறும் பட்டதாரிகளைத்தான் தருகின்றனவாம். அவர்களை ஏஐ நிபுணர்களாக ஆக்குவது தங்களைப் போன்ற நிறுவனங்கள்தானாம். தாளாளர் முதல் ஆளாகக் கைதட்டினார். புரிந்துணர்வு ஒப்பந்தம் கைமாறியது, போட்டோ எடுத்தார்கள், மறுவாரம் மணியாச்சி ஜங்ஷன் போகிற வழியெல்லாம் ஃபிளெக்ஸ் முளைத்துவிட்டது.

இருபது வருஷமாக ஆளை மாற்றி ஆளை மாற்றி இதே பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அப்போது ஜாவா, நடுவில் கிளவுட், இப்போது ஏஐ.

பேச்சுக்கு அஸ்திவாரம் எப்போதும் ஒன்றுதான்: நம் பிள்ளைகள் எதற்கும் லாயக்கில்லை. 2005-இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும் நாஸ்காமும் சேர்ந்து, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நூற்றுக்கு 25 பேர்தான் பன்னாட்டு நிறுவன வேலைக்குத் தேறுவார்கள் என்றன. 2019-இல் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனம், 80 சதவீதத்துக்கு மேல் தேறமாட்டார்கள் என்றது. நாஸ்காம் யாருடைய சங்கம்? சம்பளம் கொடுக்கும் முதலாளிகளுடைய சங்கம். ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ன விற்றுக்கொண்டிருந்தது? வேலைத் தகுதித் தேர்வு. தேர்வு விற்கிறவர், எல்லோரும் பாஸ் என்று அறிக்கை விட்டால் கடையை மூட வேண்டியதுதானே.

அடுத்தது எண்ணிக்கை. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாக 20 லட்சம் இளைஞர்களுக்கு ஏஐ பயிற்சி தர, 2024 ஆகஸ்ட் இறுதியில் கூகுளோடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. மைக்ரோசாஃப்ட் விடுமா? 2030-க்குள் இந்தியாவில் ஒரு கோடிப் பேர் என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரு கோடி நிபுணர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லக் காணோம்.

ஏஐ பள்ளிக்கென்று ஐஐடி மெட்ராஸுக்குத் தொழிலதிபர் சுனில் வாத்வானி 110 கோடி ரூபாய் தந்தாரே என்பார்கள். அவர் அங்கே படித்தவர், படித்த இடத்துக்குக் கொடுத்தார். அந்தக் கொடையைக் காட்டி இந்த வியாபாரத்துக்கு நற்சான்று வாங்க முடியாது.

பயிற்சியில் என்னதான் கற்றுத் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையனின் பாடக்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்தத் திரை வரும், எந்தச் சேவையை எதனோடு இணைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் பற்றி ஒரு வரி கிடையாது. கரிசல் காட்டு விவசாயிக்கு இது பழகிய கூத்து. பூச்சிமருந்து கம்பெனிக்காரர் ஊருக்குள் வந்து கூட்டம் போடுவார், பிரியாணி உண்டு. எந்தப் புழுவைப் பற்றிக் கேட்டாலும், கடைசியில் அவர் கம்பெனி பாட்டில்தான் பதில்.

சரி, ஏஐ நிபுணர்களை உண்மையில் வளர்த்தது யார்? இதைத்தான் அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை.

இன்றைய ஏஐ-க்கு அடித்தளமான நியூரல் நெட்வொர்க் தேறாத சரக்கு என்று பலரும் கைவிட்டிருந்த காலத்தில், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தவர் ஜெஃப்ரி ஹிண்டன். 2004-இல் அவருக்குக் கைகொடுத்தது கனடாவின் சிஃபார் ஆய்வு நிறுவனம். அதில் அரசுப் பணமும் உண்டு. 2012-இல் அவருடைய மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியும் இல்யா சட்ஸ்கெவரும் அவரோடு சேர்ந்து உருவாக்கிய அலெக்ஸ்நெட், படங்களை அடையாளம் காணும் போட்டியில் எல்லோரையும் பின்தள்ளியது. அதைப் பயிற்றுவித்தது கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளில், கிரிஷெவ்ஸ்கி தன் பெற்றோர் வீட்டு அறையில். நிறுவனம் எப்போது வந்தது? எல்லாம் முடிந்த பிறகு. 2013-இல் மூவரையும் சேர்த்து கூகுள் விலைக்கு வாங்கியது.

இன்னொரு கதை இதைவிட ருசியானது. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஊபரும் கைகோத்தன. ஓட்டுநரில்லாத கார், கூட்டு ஆய்வு, மாணவர்களுக்கு வாய்ப்பு என்று நம்மூர் மேடையில் கேட்கும் அத்தனை சொல்லும் அங்கேயும் இருந்தன. சில மாதங்கள்கூட ஆகவில்லை. பல்கலைக்கழகத்தின் தேசிய ரோபோ பொறியியல் மையத்திலிருந்து இயக்குநர் உட்படச் சுமார் நாற்பது பேரை ஊபர் அள்ளிக்கொண்டு போனது. வருஷக்கணக்கில் வளர்த்த ஆய்வகத்தில் நாற்காலிகள் மிஞ்சின. செப்டம்பரில் 55 லட்சம் டாலர் நன்கொடை வந்தது. அதோடு முடிந்ததா? 2020 டிசம்பரில் அந்தத் தானியங்கிக் கார் பிரிவையே ஊபர் இன்னொரு நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. நிபுணர்களை வளர்ப்பவர்கள் லட்சணம் இது.

கார்னகி மெலனுக்கே இந்தக் கதி. சொந்தமாக ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத நம் கல்லூரியில் அள்ளிக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிள்ளைகள் இருக்கிறார்கள். படித்து முடித்து எந்தக் கம்பெனியில் உட்கார்ந்தாலும், பழகிய மென்பொருளைத்தான் வாங்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு ஒப்பந்தம், ஒரு சால்வை செலவு.

ஆராய்ச்சிக்குக் கம்பெனி துணை கட்டாயம் என்பவர்கள், பேசிவிட்டுப் போகிற வழியில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை எட்டிப் பார்த்திருக்கலாம். 1901-இல் தொடங்கியது. மானாவாரிக் கரிசலுக்கு எது தாங்கும் என்று பார்த்துப் பார்த்து அங்கே எடுத்த 'கே' வரிசைப் பருத்தியையும் சோளத்தையும் இந்தச் சீமையே விதைத்திருக்கிறது. அரசுச் சம்பளக்காரர்கள் செய்த வேலை அது. ஏஐ-யிலும் அப்படி உண்டு. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் மிதேஷ் கப்ராவின் டீப் லேர்னிங் வகுப்புகள் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தூத்துக்குடி பாசஞ்சரில் உட்கார்ந்து போனிலேயே பார்க்கலாம். புரியாத இடத்தைக் கேட்டுத் தெளிய, கணக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் கல்லூரியில் வேண்டும். அவர் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கிற மாதிரி சம்பளமும் வேண்டும்.

தாளாளருக்கு ஒரு விண்ணப்பம். கையெழுத்தான ஒப்பந்தத்தை அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கம்பெனி தருவது எவ்வளவு, பிள்ளைகளிடம் வாங்குவது எவ்வளவு, மென்பொருளுக்குத் தரும் இலவசக் கணக்கு எத்தனை மாதத்தில் காலாவதியாகிறது, எத்தனை பேரை வேலைக்கு எடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெற்றவர்கள் படித்துப் பார்க்கட்டும்.