பிராட்மேனைத் தெரியும், பாரி மார்ஷலைத் தெரியுமா?

பிரபல ஆஸ்திரேலியர் யார்னு கேட்டால், பிராட்மேனின் 99.94 சராசரியும் ஷேன் வார்னின் சுழலும்தான் சட்டென ஞாபகம் வரும். பெர்த் டாக்டர் பாரி மார்ஷலை எத்தனை பேருக்குத் தெரியும்?

வயிற்றுப்புண்ணுக்கு டென்ஷனும் காரமும்தான் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் முக்கிய காரணம் என்று அவரும் ராபின் வாரனும் சொன்னபோது, பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, இரைப்பையில் அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இன்று இந்தக் கிருமியால் வரும் புண்ணைப் பெரும்பாலும் ஓரிரு வார ஆன்டிபயாடிக் சிகிச்சையிலேயே குணமாக்கிவிடலாம். ஆனாலும் நாம, 'ஆபீஸ் டென்ஷன்'னு சொல்லி மாத்திரையைப் போட்டுக்கிட்டு மாசக்கணக்கில் தள்ளிப்போடுறோம். வலி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்க. மார்ஷல் குடித்துக் காட்டியது அதுக்குத்தான்.