மறக்கருணை மாந்தர்க்கு உரியதோ?

அருள் என்னுஞ் சொல்லினும் இனிய சொல் சைவர்க்குப் பிறிதில்லை. அவ்வருளை அறக்கருணை, மறக்கருணை என இருதிறப்படுத்துரைப்பர் பெரியோர். தாய் தன் மகவுக்குப் பாலூட்டுதல் போல்வது முன்னையது. அம்மகவின் பிணி தீரக் கைக்கும் மருந்தை வாயிற் பெய்தல் போல்வது பின்னையது. இரண்டும் இறைவன்பால் நிகழ்வன. இக்காலத்து அடியார் கூட்டமெனப் பெயர் புனைந்த குழுக்கள் சிலவற்றின் தலைவரோ பின்னையதனைத் தமக்குரிய படைக்கலமாக எடுத்துக்கொண்டனர். தம்மை அடுத்தாரைப் பெற்றோரினின்றும் பிரித்தலும், அவர்தம் பொருளைத் தம்வயமாக்கலும், ஐயம் வினாவினாரைப் பலர்முன் நாணச்செய்தலும், நீங்க எண்ணினாரை நரகங்காட்டி அச்சுறுத்தலும் அவர்தம் ஒழுகலாறாயின. இக்கொடுமை என்னையென வினவினால், 'இது மறக்கருணை; எல்லாம் உம் நன்மைக்கே' என விடையிறுக்கின்றனர். இவ்விடை சைவநூற் கருத்துக்கு முற்றும் மாறாதலின் ஈண்டு ஆராயற்பாலது.

கைப்பு மருந்தூட்டுவோன் மூன்று தகுதி உடையனாதல் வேண்டும். நோயின் முதலை ஐயமற அறிந்திருத்தல் ஒன்று. தான் அந்நோய் இல்லாதவனாதல் ஒன்று. மருந்தூட்டுதலால் தனக்கு யாதொரு பயனும் கருதாமை ஒன்று. முற்றுணர்வும் இயல்பாகவே பாசங்களின் நீங்குதலும் குறைவின்மையும் உடைய இறைவனொருவனுக்கே இம்மூன்றும் நிரம்ப உள. ஆணவத்தாற் கட்டுண்ட மானிடன் பிறனது ஆணவத்தை ஒறுப்பேன் எனப் புகுதல், கண்ணில்லான் கண்மருத்துவனாதலை ஒக்கும். அவன் ஒறுப்பால் வளர்வது அவனது ஆணவமேயன்றித் தேய்வது மாணவனது ஆணவமன்று.

அற்றேல், குருவே சிவனென நூல்கள் கூறுமாலெனின், கூறும். ஆயின் அக்குரு செய்வது யாதென்பதையும் அந்நூல்களே கூறுகின்றன. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், ஐம்புல வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு இறைவன் குருவாய் எழுந்தருளி உண்மையை உணர்த்துவன் என்றும், உணர்ந்த உயிர் அவ்வேடரை விட்டு நீங்கி அவன் திருவடி அணையும் என்றும் தெரிக்கின்றது. உணர்த்துதல் குருவின் தொழில். விட்டு நீங்குதல் உயிரின் தொழில். கயிறிட்டு ஈர்த்தல் அங்கே இல்லை. இருவினையொப்பும் மலபரிபாகமும் வருந்துணையும் இறைவனே காத்திருக்கின்றான் எனின், காத்திருக்க மாட்டாத மானிடத் தலைவன் அவனினும் விரைந்து அருள வல்லனோ?

திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததை இவர்கள் எடுத்துக்காட்டுவர். நம்பியாரூரரை மணக்கோலத்தே தடுத்து, 'நீ எனக்கு அடிமை' என இறைவன் வலிந்து ஆட்கொண்டானன்றோ என்பர். அவ்வரலாற்றை முழுதும் நோக்குக. முதிய வேதியனாய் வந்த அப்பெருமான் தன் வழக்கை ஊர்ச்சபையின் முன் வைத்தான். படியோலை கிழிக்கப்பட்டபின் மூலவோலையைக் காட்டினான். அவையத்தார் அதனை ஆரூரர் பாட்டனாரின் பிற எழுத்தோடு ஒப்புநோக்கும் வரை அமைந்திருந்தான். பித்தனென்று வைதாரை வெகுண்டிலன். வன்றொண்டன் என்னும் பெயர் ஈந்து, அவ்வசைச் சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக எனப் பணித்தான். மூவுலகும் உடையான் ஓலைகாட்டி வழக்காடினான். இக்குழுத் தலைவரோ வரவு செலவுக் கணக்கினையும் பிறர்க்குக் காட்டார், வினாவின் வெகுள்வர், வைதாரைப் பாடச்செய்தல் ஒழிக, பேசவும் ஒட்டார்.

திலகவதியார் ஒழுகிய நெறியையும் எண்ணுக. தம்பியார் பிற சமயம் புகுந்து தருமசேனராய் விளங்கியபோது அம்மையார் அவரை ஆள்விட்டுப் பற்றிக் கொணர்ந்திலர், சாபமிட்டிலர், திருவதிகையில் திருக்கோயிலை அலகிட்டு மெழுகித் திருமாலை தொடுத்து இறைவனை வேண்டியிருந்தனர். சூலைநோயால் வருந்திய தம்பியார் தாமே வந்து அடிவீழ்ந்தபோது திருநீறு அளித்தனர். சூலை தந்தவன் இறைவன். நீறு தந்தவர் தமக்கையார். மறக்கருணை எவர்க்குரியது, அடியார்க்குரியது யாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பின்னர், நீங்கிச் சென்றார் என்னுங் காரணத்தால் அவரை நீற்றறையில் இட்டும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும், கல்லொடு பிணித்துக் கடலில் வீழ்த்தியும் ஒறுத்தமையைப் பெரியபுராணம் விரித்துரைக்கும். விட்டு நீங்கினாரை ஒறுத்தல் எச்சமயத்தார் செய்யினும் குற்றமே. சைவர் செய்யின் அது பெருங்குற்றம். நாவரசர் பட்ட பாட்டை ஓதியறிந்தும் செய்தலின்.

இனி, வினாவுதல் குருத்துரோகம் என்பாரும் உளர். அருணந்தி சிவாசாரியார் தம் ஆசிரியராகிய மெய்கண்டாரை நோக்கி இருபாவிருபஃதில் தொடுத்த வினாக்கள் எத்துணை! ஆண்டில் இளைய ஆசிரியரும் அவற்றை வெறுத்திலர்; மூத்த மாணவரும் கேட்க அஞ்சிலர். சிவஞானசித்தியார் பரபக்கமோ மாற்றார் கொள்கைகளை முன்னிறுத்தியன்றி மறுக்கப் புகுவதில்லை. வினாவுக்கு அஞ்சும் ஒருவன் மெய்கண்ட சந்தானத்தின் பெயர்கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

கருணையிற் றொடங்கியது அடக்கியாளலில் முடியும் ஆற்றினை உலகியலிலும் காணலாம். அமெரிக்க நாட்டில் 1950-களில் ஜிம் ஜோன்ஸ் என்பான் 'மக்கள் ஆலயம்' என்றோர் சபை நிறுவி, வெள்ளையர் கறுப்பர் என்னும் வேற்றுமையின்றி யாவரையுஞ் சேர்த்து, ஏழையர்க்கு உணவும் முதியோர்க்கு உறையுளும் அளித்தான். அத்தொண்டு பொய்யன்று. ஆயின் நாளடைவில் அவன் சொல்லே வேதமாயிற்று. அடியார் தம் உடைமை சபையின் உடைமையாயிற்று. கயானா நாட்டுக் காட்டில் அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில், வெளியேறுவார்க்கு வழியடைக்கப்பட்டது, கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன, கடிதங்கள் பிரித்து நோக்கப்பட்டன. நிலைமையை நேரிற் கண்டறியச் சென்ற அமெரிக்கப் பேரவை உறுப்பினர் லியோ ரயன் 1978 நவம்பர் 18-இல் சுடப்பட்டிறந்தார். அன்றே அவன் ஏவலால் அக்குடியிருப்பில் 900-க்கு மேற்பட்டோர் நஞ்சால் மாண்டனர். அவருள் 300-க்கு மேற்பட்டோர் சிறார். 'அது வேற்று நாட்டு வேற்றுச் சமயத்துச் செய்தி' எனச் சைவர் வாளாவிருத்தல் தகாது. ஆணவத்துக்கு நாடும் இல்லை, சமயமும் இல்லை. அஃது உயிர்தோறும் உள்ளதென்பது சைவசித்தாந்தமன்றோ?

அங்ஙனமாயின் திருமடங்களின் கட்டுப்பாடும் குற்றமாமோ எனின், ஆகாது. நோன்பும் ஒழுக்கமும் மாணவன் முன்னரே அறிந்து விரும்பி மேற்கொள்வன. ஆசிரியனையும் ஒப்பப் பிணிப்பன. மேற்கொண்டானது பாசம் தேயப் பயன்படுவன. அடக்குமுறையோ மறைவில் வளர்வது. தலைவனை விலக்கி ஏனையோரையே பிணிப்பது. அவனது பொருளும் புகழும் பெருகப் பயன்படுவது. புகுவாயில் அகன்றும் போம்வாயில் அடைத்தும் இருப்பது எலிப்பொறியேயன்றித் திருமடமாகாது.

ஆகலின், ஒரு குழுவில் தம் மக்களைச் சேர்க்கப் புகுவார் அங்கே ஓதப்படுந் திருமுறையின் அளவை மட்டும் நோக்கற்க. ஐயம் வினாவினான் எவ்வாறு நடத்தப்படுகின்றான், நீங்கிச் சென்றானைப்பற்றி யாது பேசப்படுகின்றது, பிள்ளையைக் காணவந்த தாய் எங்கே நிறுத்தப்படுகின்றாள் என்னும் மூன்றனையும் நோக்குக. தாயை வாயிலில் நிறுத்தி அழவிட்டு, உள்ளே தாயினும் இனியானைப் பாடுவார் பாட்டு எம்பெருமான் செவிக்கு ஏறாது. நோய் தருதலை இறைவனுக்கு விடுத்து, நீறு தருதலைத் தம் பணியாகச் சைவ நன்மக்கள் கடைப்பிடிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.