டோக்கன் வெளியிடுமுன் பேரேட்டைப் பாருங்கள்

பரிசுப் புள்ளிகளுக்குப் பதிலாக டிஜிட்டல் டோக்கன் வழங்கலாம் என்ற பேச்சு வணிகர்களிடையே அடிபடுகிறது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் டோக்கனை எந்த பிளாக்செயினில் வெளியிடுவது என்பதை நன்கு யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து எழுதும் பொதுப் பேரேடு. அதில் ஒரு வரி எழுதவும் கட்டணம் உண்டு. 2015இல் தொடங்கிய எத்தீரியம் வேரூன்றியது. ஆனால் நெரிசல் நேரத்தில் அதன் கட்டணம் நம் சில்லறை லாபத்தை விழுங்கிவிடும். சொலானாவில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் 2021 செப்டம்பரில் அது சுமார் 17 மணி நேரம் நின்றுபோனது. தீபாவளிக்கு முதல் நாள் அப்படி நின்றால் கல்லாவில் இருப்பவர் என்ன பதில் சொல்வார்? டெர்ராவின் நாணயமோ 2022 மே மாதம் சில நாட்களிலேயே மதிப்பிழந்தது. அதை நம்பித் திட்டம் தொடங்கியவர்கள் வேறு இடம் தேட நேர்ந்தது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது எளிதல்ல. அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ், பாலிகனில் நடத்திய பரிசுத் திட்டத்தை 2024 மார்ச்சில் நிறுத்திக்கொண்டது.

எனவே மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கட்டணம் யார் தலையில்? பேரேடு நின்றால் மாற்று வழி என்ன? பிடிக்காவிட்டால் கணக்கோடு வெளியேற முடியுமா? டோக்கன் கைமாறி விற்கப்படுமானால் லாபத்தில் 30 சதவீத வருமான வரி 2022 முதல் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

புள்ளிகள் நம் கடையிலேயே செலவாகுமானால் சாதாரணக் கணினிக் கணக்கே போதும். ஒருவர் கணக்கை ஒருவர் நம்பாத பல கடைகள் கூடும் இடத்தில்தான் பிளாக்செயினுக்கு வேலை என்பது நமது கருத்து.