மொழியை மாற்றினால் பக்கம் சரியாகிவிடாது

"பி.எச்.பி. பழசாகிவிட்டது. கோ மொழிக்கோ நோடுக்கோ மாறுங்கள். வேகம், பாதுகாப்பு, யூனிகோடு எல்லாம் தானாக வந்துவிடும்." வணிகத் தளம் நடத்துகிறவர்களுக்கு இன்று தாராளமாகக் கிடைக்கும் யோசனை இது. இதை நம்பி, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை அடியோடு திரும்ப எழுதுவது பெரும்பாலும் வீண்செலவு.

முதலில் வேகம். 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7, பல தளங்களில் முந்தைய பதிப்பான 5.6-ஐவிட ஏறத்தாழ இருமடங்கு வேகம் காட்டியது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் பி.எச்.பி.தான். வணிகத் தளத்தில் பக்கம் தாமதமானால் நேரம் பெரும்பாலும் டேட்டாபேஸில்தான் போகிறது. நூறு ஆர்டர்களைப் பட்டியலிட, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனிக் க்வெரியாகக் கேட்கும் நிரலைக் கோ மொழியில் எழுதினாலும் அதே நூறு க்வெரிதான்.

பாதுகாப்பு இதைவிடப் பெரிய விஷயம். பெயர் கேட்கும் பெட்டியில் யாரோ ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி அனுப்பினால், பக்கத்தில் அது ஓடாமல் வெறும் எழுத்தாகத் தெரிய வேண்டும். அதற்காகச் செய்வதுதான் எஸ்கேப்பிங். கோ மொழியில் டெம்ப்ளேட் பேக்கேஜ் இரண்டு உண்டு. எச்டிஎம்எல் டெம்ப்ளேட், மதிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து எஸ்கேப் செய்யும். டெக்ஸ்ட் டெம்ப்ளேட் தானாக எதையும் செய்யாது. இம்போர்ட் வரியில் ஒரு சொல் மாறியிருந்தாலும் நிரல் பெரும்பாலும் பிழையின்றி கம்பைல் ஆகிவிடும். பக்கமும் ஒழுங்காகவே தெரியும், ஓட்டை மட்டும் திறந்தே கிடக்கும். ரூபியிலும் இதே கதை. 2010-இல் அதன் வலைச் சட்டகமான ரெயில்ஸின் 3-ஆம் பதிப்பு வரும்வரை நிரலாளரே ஒவ்வோர் இடத்திலும் எஸ்கேப் செய்ய வேண்டியிருந்தது. அதன்பின் தானாக நடக்கிறது. மொழி அதேதான், டெம்ப்ளேட்தான் திருந்தியது. பி.எச்.பி.யின் டெம்ப்ளேட்களான ட்விக், பிளேடு இரண்டும் தானாக எஸ்கேப் செய்கின்றன.

யூனிகோடு வாதம் தமிழில் உடனே உடைகிறது. 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பி.எச்.பி.யின் ஸ்டிரிங் நீளம் 15 என்கிறது, பைட் கணக்கு. கோவும் 15 என்கிறது. நோடின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கிறது. அதில் முதல் நான்கை வெட்டி எடுத்தால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' மிஞ்சும். பொருளின் பெயரைச் சுருக்கிக் காட்டும் இடங்களில் இது கண்கூடு. மூன்று என்று சரியாக எண்ண ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் இருக்கிறது, பி.எச்.பி.யில் கிராஃபீம் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. தேடி எடுத்துப் பயன்படுத்துவது நிரலாளர் கையில்.

ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் நேரடி அரட்டைக்கு நோடும் கோவும் பொருத்தமானவை, மறுக்கவில்லை. பி.எச்.பி. 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடு நின்றுவிட்டன. இன்னும் அதில் ஓடும் தளத்தை விட்டுவைக்கவே கூடாது. ஆனால் அதற்குத் தேவை பதிப்பை உயர்த்துவது. பல தளங்களுக்கு அது முழுதாகத் திரும்ப எழுதுவதைவிட மிகச் சிறிய வேலை.