வயதேறிய சுருட்டு

சுருட்டு என்றவுடனேயே நம் சகோதரிகள் முகத்தைச் சுளிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். ஆயினும், ரஸனையைப் பற்றிய விஷயமாகையால் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

கியூபாவின் மேற்குக் கோடியிலுள்ள வுயெல்தா அபாஹோ பிரதேசத்துப் புகையிலை உலகப் பிரசித்தி பெற்றது. பறித்த இலைகளைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, பிறகு குவியலாக அடுக்கி வைப்பார்கள். குவியல் தன் சூட்டிலேயே புழுங்கும்போது அமோனியாவின் காரநெடி பெரும்பாலும் அகன்றுவிடும். எஞ்சியதைக் காலம் பார்த்துக்கொள்கிறது. ஸீடார் மரப்பெட்டியில், 65 முதல் 70 சதவிகித ஈரப்பதத்தில், சில வருஷங்கள் உறங்கிய சுருட்டில் கரகரப்பு அடங்கி, மரம், காப்பிக்கொட்டை, கோக்கோ ஆகியவற்றின் சாயல் தலைதூக்கும். அளவு மீறி வைத்தாலோ, மணமே போய்விடும். நம் வீட்டு ஊறுகாய்க்கும் இதே விதிதானே!

புகையை உள்ளே இழுக்கலாகாது. நாவில் நிறுத்தி வெளியே விட வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தடவை போதும். அவசரக்காரருக்குச் சூடேறிய கசப்புத்தான் கிட்டும். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரக்கூடும் என்று வைத்திய சாஸ்திரம் திட்டமாகச் சொல்கிறது. எனவே, பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடிவிடுகிறவரையே நாம் உத்தம ரஸிகர் என்போம்.

சாம்பலுக்கும் இலக்கணம் உண்டு. நல்ல ஹவானாச் சுருட்டின் சாம்பல் வெளுத்து, உதிராமல் நிற்கும். 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கறுத்துச் செதில் செதிலாகக் கிடந்த சாம்பலைக் கண்டே, அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் தீர்மானிக்கிறார். இது பாராட்டா, அல்லவா என்பதைத் திருச்சி நேயர்கள்தான் சொல்ல வேண்டும்.