பழைய டிவிடி ரைட்டருக்குப் புது மூளை

தா.பழூர் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், கல்யாண ஆல்பம் என்று வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மூலையில் பழைய துண்டு போர்த்திய கம்ப்யூட்டர் ஒன்று. அதை இன்னும் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம்தான். அதில் டிவிடி ரைட்டர் இருக்கிறது.

பக்கத்து ஊர் அக்கா ஒருவர் 2007-ல் நடந்த தன் கல்யாண டிவிடியை எடுத்துக்கொண்டு வந்தார். தாரை வார்த்துக் கொடுத்த அப்பா இப்போது இல்லை. அவர் நடப்பதும் பேசுவதும் பந்தியில் நின்று சாம்பார் கேட்பதும் இந்த ஒரே டிஸ்கில்தான் இருக்கிறது. தம்பி, தங்கை இருவருக்கும் ஆளுக்கொரு காப்பி வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

டிஸ்கைப் போட்டால் பாதி தூரம் ஓடி முனகுகிறது. புதிதாக வாங்கிய வெற்று டிஸ்கைப் போட்டால், டிஸ்கே போடவில்லை என்கிறது கம்ப்யூட்டர். எட்டிப் பார்க்க வந்த சர்வீஸ் பையன் சட்டென்று வழி சொன்னான்: “அண்ணே, இதுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டா எல்லா டிஸ்கும் எடுக்கும்ணே.”

ஸ்டூடியோக்காரர் திருப்பிக் கேட்டதுதான் கேள்வி. “போட்டா புதுசா ஏதாச்சும் வருமா தம்பி, இல்ல இருக்கிறதும் போயிடுமா?”

இரண்டுமே நடக்கும். எது எப்போது என்று தெரிந்துகொள்ள, அந்தப் பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

டிவிடி ரைட்டர் என்பது வெறும் மோட்டாரும் லேசரும் அல்ல. அதுவே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். உள்ளே ஒரு சிப்பில் அதற்கான புரோகிராம் எழுதப்பட்டிருக்கும். கரண்ட் போனாலும் அழியாது. அதுதான் ஃபர்ம்வேர். தட்டை வெளியே தள்ளுவதிலிருந்து லேசரை எவ்வளவு சூடாக்குவது என்பதுவரை எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்கிறது.

எழுதும் டிஸ்கில் ஒரு சாயப் பூச்சு உண்டு. லேசர் அந்தச் சாயத்தை நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டுத்தான் படத்தைப் பதிகிறது. கம்பெனிக்குக் கம்பெனி சாயம் மாறும். ஒருவர் சாயத்துக்குச் சரியான சூடு, இன்னொருவர் சாயத்தைக் கருக்கிவிடும். ஒரே தோசைக்கல்லில் ரவா தோசையையும் ஊத்தப்பத்தையும் ஒரே தீயில் வார்த்தால் என்ன ஆகும், அதுதான். அதனால் ஒவ்வொரு வெற்று டிஸ்கிலும், தயாரித்தவர் யார், என்ன வகை என்ற குறியீடு முன்பே பதிந்திருக்கும். ரைட்டர் முதலில் அதைப் படிக்கும். பிறகு தன் ஃபர்ம்வேரில் உள்ள பட்டியலைப் புரட்டி, இந்த டிஸ்குக்கு இத்தனை சூடு, இத்தனை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். டிஸ்கின் உள்வட்டத்தில் ஓர் ஓரமாகக் கொஞ்சம் சுட்டுப் பார்த்து, சூட்டைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும்.

பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால்? பொதுவான ஒரு கணக்கை வைத்துக்கொண்டு மெதுவாக எழுதும். அல்லது எழுதவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். சில ரைட்டர்கள் ‘டிஸ்க் இல்லை’ என்றே சாதித்துவிடும். 2005-ல் எழுதிய பட்டியலுக்கு 2012-ல் வந்த டிஸ்கைப் பற்றித் தெரிய நியாயமில்லையே!

ஃபர்ம்வேர் அப்டேட்டின் முக்கியமான வேலை இந்தப் பட்டியலை நீட்டுவதுதான். புது டிஸ்குகளின் பெயர்கள் சேரும். ஏற்கெனவே தெரிந்த டிஸ்குக்கும் இன்னும் நல்ல கணக்கு கிடைக்கும். நான்கு மடங்கு வேகத்தில் தயங்கித் தயங்கி எழுதியது, எட்டு மடங்கில் சுத்தமாக எழுதும்.

நம் ஊர்க் கல்யாண டிஸ்குகளில் பெரும்பாலோர் பார்த்திருக்கக்கூடிய பெயர் மோசர் பேர். 1983-ல் டெல்லியில் நேரம் பதியும் கருவிகள் செய்ய ஆரம்பித்து, ஃப்ளாப்பிக்கு வந்து, பிறகு சிடி, டிவிடி என்று உலகின் பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்த இந்தியக் கம்பெனி. 2007-ல் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கி, திருட்டு டிஸ்க்காரர்களுக்கே தலைவலி கொடுத்தவர்கள். அவர்களுடைய வெற்று டிஸ்குகளிலும் தனிக் குறியீடு உண்டு. ரைட்டரின் பட்டியலில் அந்தக் குறியீடு இருந்தால் டிஸ்க் சுத்தமாக வரும். இல்லாவிட்டால் பாதியில் கோளாறு. ‘டிஸ்க் மட்டம்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களில் எத்தனை பேருடைய ரைட்டரில் உண்மையான குற்றவாளி உட்கார்ந்திருந்ததோ! பென் டிரைவும் இணையமும் வந்து அந்தத் தொழிலையே விழுங்கிவிட, 2018-ல் மோசர் பேரைக் கலைத்துச் சொத்துகளை விற்க உத்தரவாகிவிட்டது.

அப்டேட் போடாததால் பெட்டியே கெட்டுப்போகலாம் என்ற நிலையும் ஒருமுறை வந்தது. 2002 இறுதியில் நான்கு மடங்கு வேக டிவிடி-ஆர் டிஸ்குகள் சந்தைக்கு வந்தபோது, பயனியர் கம்பெனி தன் பழைய டிவிஆர்-103, 104 ரைட்டர்காரர்களை அவசரமாக எச்சரித்தது. புது டிஸ்கைப் பழைய ஃபர்ம்வேரோடு எழுதப் பார்த்தால் ரைட்டரே பழுதாகலாம், முதலில் அப்டேட் போடுங்கள் என்றது. போட்ட பிறகும் அந்தப் பெட்டிகளின் வேகம் கூடிவிடவில்லை. புது டிஸ்கில் பழைய வேகத்திலேயே, பத்திரமாக எழுத முடிந்தது. அதுவே பெரிய விஷயம்.

நிஜமாகவே புது வசதி சேர்ந்த கதையும் உண்டு. 2004-ல் இரட்டை அடுக்கு டிவிடி வந்தது. 4.7 ஜிபி பிடிக்கிற இடத்தில் 8.5 ஜிபி. ஜப்பானின் என்இசி கம்பெனி இதற்காக என்டி-2510ஏ என்ற ரைட்டரை விற்றது. அதற்குச் சற்று முன்பு அவர்களே விற்ற என்டி-2500ஏ-வில் இந்த வசதி கிடையாது. இரண்டையும் திறந்து பார்த்த ஆர்வலர்களுக்கு உள்ளே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2510-ன் ஃபர்ம்வேரைக் கொஞ்சம் திருத்தி 2500-ல் ஏற்றினார்கள். பழைய ரைட்டர் இரட்டை அடுக்கு டிஸ்கை எழுதியது! கம்பெனி இதற்குச் சம்மதிக்கவில்லை. செய்தவர்கள் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான். ஆனாலும் உலகம் முழுக்கப் பலர் செய்தார்கள்.

இது ஏன் பலித்தது? இரண்டாம் அடுக்கைச் சுடத் தேவையான சக்தி அந்த லேசரில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பயன்படுத்தும் வித்தைதான் ஃபர்ம்வேரில் எழுதப்படவில்லை. உள்ளே இருக்கும் திறமையை அப்டேட் வெளியே கொண்டுவரும். இல்லாத உறுப்பை முளைக்க வைக்காது.

டிவிடி ரைட்டரை ப்ளூ-ரே ரைட்டராக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர், நீலமும் ஊதாவும் கலந்த லேசர். லென்ஸே வேறு. எந்தப் புரோகிராமும் சிவப்பை நீலமாக்காது. டிஸ்கின் முதுகில் படம் பொறிக்கும் லைட்ஸ்கிரைப் வசதியும் அப்படித்தான். டிஸ்கின் நடுவட்டத்தில் இருக்கும் கோடுகளைப் படிக்கத் தனி சென்சார் வேண்டும். இல்லாத பெட்டியில் இல்லைதான். தேய்ந்துபோன லேசருக்கும் அப்டேட்டில் மருந்து கிடையாது.

இனி ஸ்டூடியோக்காரர் பயந்த பகுதி. அப்டேட் ஏறும்போது சிப்பில் பழையது அழிந்து புதியது பதியும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் கரண்ட் போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தட்டைத் தள்ளக்கூடத் தெரியாத வெறும் டப்பா மிஞ்சும். ஆடி மாதக் காற்றில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்ட் போய் வருகிறது என்பது தா.பழூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறு மாடலின் ஃபர்ம்வேரைத் தவறி ஏற்றினாலும் இதே கதிதான்.

ஃபர்ம்வேர் எவ்வளவு சுலபமாக அழியும் என்பதற்கு 2003 அக்டோபரில் நடந்த ஒரு கூத்து உண்டு. மேண்ட்ரேக் லினக்ஸ் 9.2-ஐத் தங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிய சிலருக்கு, எல்ஜி கம்பெனியின் சில சிடி டிரைவ்கள் திடீரென்று செத்துப்போயின. அவை எழுதும் டிரைவ்கூட இல்லை, படிக்க மட்டுமே. லினக்ஸ் அனுப்பியது, எழுதாமல் மிச்சம் இருப்பதை எழுதி முடி என்ற சாதாரணக் கட்டளை. எல்ஜி டிரைவோ அதே கட்டளையை, புது ஃபர்ம்வேர் வருகிறது, பழையதை அழி என்று புரிந்துகொண்டது. அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. வருவதற்குத்தான் ஒன்றுமில்லை.

அப்டேட் என்றால் எப்போதும் வரவுதான் என்றும் சொல்ல முடியாது. சோனியின் பிளேஸ்டேஷன் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது இல்லாத முப்பரிமாண ப்ளூ-ரே படம் பார்க்கும் வசதி, 2010 செப்டம்பரில் ஓர் அப்டேட்டில் இலவசமாக வந்து சேர்ந்தது. அதே 2010-ல், ஏப்ரல் முதல் தேதி வந்த அப்டேட், லினக்ஸ் போட்டுக்கொள்ளும் வசதியைப் பிடுங்கிக்கொண்டு போனது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

சரி, தா.பழூர் டிஸ்குக்கு வருவோம். அங்கே பிரச்னை ஒன்றல்ல, இரண்டு. பழைய டிஸ்கைப் படிப்பது ஒன்று. புது டிஸ்கில் எழுதுவது இன்னொன்று. அப்டேட் உதவக்கூடியது இரண்டாவதற்கு. படிப்பதிலும் சில அப்டேட்டுகள் கொஞ்சம் முன்னேற்றம் தந்ததுண்டு. ஆனால் 2007-ல் சுட்ட சாயம் மங்கியிருந்தால் ஃபர்ம்வேர் என்ன செய்யும்? ஒரே ஒரு டிஸ்கை வைத்துக்கொண்டு, அதைப் படிக்கக்கூடிய ஒரே பெட்டியில் முதல் வேலையாக அப்டேட் ஏற்றுவது, வைத்தியரை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு நோயாளியைப் படுக்க வைப்பது போல.

சர்வீஸ் பையன் நல்ல பையன், சொன்னதும் புரிந்துகொண்டான். டிஸ்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தார்கள். பழக்க தோஷத்தில் வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக ஒரு கீறல் விழுந்தால், தொடர்ச்சியாகப் பதிந்த பகுதி மொத்தமாகப் போகும். பிறகு அதே ரைட்டரோடு மல்லுக்கட்டாமல், ஜெயங்கொண்டத்திலிருந்து யுஎஸ்பி-யில் மாட்டுகிற வெளி டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு டிரைவ் திணறுகிற டிஸ்கை இன்னொன்று அலட்டிக்கொள்ளாமல் படிப்பது சகஜம். லேசரும் லென்ஸும் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். முகூர்த்தம் முழுதும் வந்தது. பந்தியும் வந்தது. கடைசியில் போட்டோ எடுத்துக்கொள்ளும் சில நிமிடங்கள் மட்டும் எந்த டிரைவிலும் வரவில்லை.

ஹார்ட் டிஸ்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஏற்றிய பிறகுதான் பழைய ரைட்டர் பக்கம் திரும்பினார்கள். அப்டேட் போடலாம் என்று அதன் பதிப்பு எண்ணைப் பார்த்தால், அதில் இருந்ததே அந்த மாடலுக்கு வந்த கடைசிப் பதிப்பு! கம்பெனி அதற்கு மேல் எழுதவே இல்லை. வேறு பிராண்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டதும் பேசாமல் எழுதிக் கொடுத்தது.

வீட்டில் இருக்கும் ரைட்டரின் பதிப்பு எண்ணைப் பார்ப்பது சுலபம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி டிரைவை இரண்டு முறை தட்டி, டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடி-யைத் தேர்ந்தெடுத்தால் மாடல் பெயரும் அதன் வாலில் பதிப்பு எண்ணும் இருக்கும். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த ரைட்டர் என்றால், கம்ப்யூட்டர் கம்பெனி கொடுத்த அப்டேட்டை மட்டும் போடுவது நல்லது. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஃபர்ம்வேர் வேறாக இருக்கும். ஏற்றும்போது யுபிஎஸ் அவசியம். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். தட்டில் டிஸ்க் இருக்கக் கூடாது. பழைய கம்பெனிகள் பல கடையைக் கட்டிவிட்டதால், ஃபர்ம்வேர் என்ற பெயரில் கண்ட கண்ட தளங்களில் கிடைப்பதில் வைரஸும் கலந்திருக்கலாம்.

கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். டிஸ்கைத் திறந்தால் வீடியோ-டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே காப்பி எடுத்தால் தரம் துளியும் குறையாது. விஎல்சி பிளேயரில் ஓடும். பாதியில் நின்றால், படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மற்றதை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. ஐசோபஸ்டர் அதில் ஒன்று. சிறிய எட்டு சென்டிமீட்டர் டிஸ்கில் பதியும் பழைய ஹேண்டிகேம் வைத்திருந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிந்த டிஸ்கைக் கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருந்தால் மற்ற பெட்டிகளில் காலி டிஸ்க் போலத்தான் தெரியும். கேமரா இன்னும் வேலை செய்தால் அதிலேயே போட்டு அந்த வேலையை முடித்துவிடலாம்.

மணமக்கள் படத்தோடு ஸ்டிக்கர் ஒட்டிய சிடிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சிடியில் படம் பதிந்திருப்பது ஸ்டிக்கருக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில். ஸ்டிக்கர் உரிந்து வந்தால் கல்யாணமும் கூடவே உரிந்து வந்துவிடும். டிவிடி பரவாயில்லை, அதில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பதிந்திருக்கும். ஆனாலும் ஸ்டிக்கரை உரிக்கப் பார்க்காதீர்கள்; அப்படியே போட்டுக் காப்பி எடுத்துவிடுங்கள்.