வாடகைக்கு ஓர் ஊர்ப்பெயர்

எங்கள் கனகம்மாசத்திரத்தில் கிரிக்கெட் பார்க்காதவனிடத்தில்கூட ஒரு மஞ்சள் பனியன் இருக்கிறது. சென்னைக்கும் திருப்பதிக்கும் நடுவே சாலையோரத்து ஊர் இது. ஏப்ரல், மே மாதங்களில் டீக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. "நம்ம டீம் ஜெயிச்சாச்சு சார்!" என்று முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். அந்தச் சந்தோஷத்தின்மேல் எனக்கு விரோதம் கிடையாது. 'நம்ம' என்ற சொல்லின்மேல்தான் என் வழக்கு.

"பதினொரு பேரில் தமிழன் எத்தனை பேர்? தோனி ராஞ்சிக்காரர்தானே?" என்று மடக்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் கட்சியில் நான் இல்லை. திருத்தணி வட்டாரத்தில் வந்து கேட்கக்கூடிய கேள்வியா அது? 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து நாங்களும் அந்தப் பக்கம் போனோம். ம. பொ. சிவஞானமும் தமிழரசுக் கழகத்தாரும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் இன்றைக்கும் இங்கே உண்டு. பிறப்பைக் கேட்டு ஆளை ஒதுக்க ஆரம்பித்தால் பாதி ஊர் காலி. ராஞ்சியில் பிறந்தவர் சேப்பாக்கத்தில் 'தல' ஆனாரென்றால் சேப்பாக்கத்துக்குத்தான் பெருமை.

என் வழக்கு பெயரைப் பற்றியது. 2008 ஜனவரியில் கிரிக்கெட் வாரியம் எட்டு ஊர்களின் பெயரால் எட்டு அணிகளை ஏலம் விட்டது. சென்னையை இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. அடுத்த மாதம் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. எல்லாவற்றுக்கும் விலை உண்டு. விற்றவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. சென்னை என்ற பெயருக்குச் சொந்தக்காரர்களான நமக்கு என்ன வந்தது? டிக்கெட் வாங்கும் பாத்தியதை வந்தது.

"அபிமானத்துக்குக் கணக்குப் பார்ப்பதா?" என்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். சூதாட்ட விவகாரத்தால் 2016, 2017 இரண்டு வருஷமும் இந்த அணிக்குத் தடை. தோனி புனே அணிக்கு ஆடப் போய்விட்டார். அணியும் இல்லை, ஆட்டமும் இல்லை. பெட்டியில் மடித்து வைத்த மஞ்சள் பனியன் மட்டும் இருந்தது. 2018-இல் அணி மீண்டபோது அதன் சரித்திரம் அறுந்துபோகாமல் இருந்தது கம்பெனிப் பத்திரத்தினாலா, அந்தப் பெட்டிகளினாலா? அதே வருஷம் காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான் நடந்தது. மீதிச் 'சொந்த ஊர்' ஆட்டங்கள் புனேக்குப் போயின. ரசிகர்கள் ரயிலேறிப் பின்னாலேயே போனார்கள். சென்னையில் ஆடாமலே சென்னை கோப்பையைத் தூக்கியது!

அப்படிப் போன அணி திரும்பி வந்தது நம் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் புரூக்ளின் என்ற பகுதிக்கு டாட்ஜர்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. டிராம் வண்டிகளுக்கு ஒதுங்கி ஓடித் தெருவைக் கடக்கிறவர்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு வழங்கிய கேலிப் பெயர்தான் அணியின் பெயராயிற்று. வருஷக்கணக்காகத் தோற்றுத் தோற்று, 1955-இல் ஒரு முறை உலகத் தொடரை வென்றது. 1957-இல் பருவம் முடிந்ததும் முதலாளி அணியை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். டிராமுக்கு ஓடியவர்களின் பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். மைதானத்தை இடித்து வீடுகள் கட்டினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2009-இல் கோப்பையை வென்ற ஹைதராபாத் டெக்கான் சார்ஜர்ஸ், 2012-இல் ஒப்பந்தம் ரத்தாகி மறைந்தே போயிற்று. அந்த இடத்துக்கு வந்த சன்ரைசர்ஸின் முதலாளி சென்னையிலுள்ள சன் டி.வி. எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் எதிர்ப்படுவார்கள். தொண்டை கிழியக் கத்துவது அவர்கள்; அணியின் பத்திரம் இருப்பது நம் தலைநகரத்தில்!

ஆகவே நான் கேட்பது வாடகை. ஊர்ப்பெயரைப் போட்டுக்கொள்கிற அணி, வரும்படியில் இத்தனை பங்கு ஜில்லா மைதானங்களுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரட்டும். இங்கே ஏரி வற்றினால்தான் பையன்களுக்கு மைதானம். நல்ல மழை பெய்த வருஷம் கிரிக்கெட் கிடையாது.

'நம்ம' என்று சொல்ல வேறு ஓர் அணியும் இருக்கிறது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான், 1934 நவம்பர் 4-ஆம் தேதி நடந்தது. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்க்க, மெட்ராஸ் அணி மைசூரை ஒரே நாளில் முடித்து அனுப்பியது. பாலு அளகனன் தலைமையில் 1954-55-இல் இந்தூருக்குப் போய் ஹோல்கார் அணியை வென்று அது கோப்பை கொண்டு வந்தது. தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகு, வாசுதேவன் தலைமையில் 1987-88-இல் மறுபடி வென்றது. அதற்கப்புறம் இல்லை. 2012 ஜனவரியில் சேப்பாக்கத்திலேயே இறுதி ஆட்டம் ஆடி, கோப்பையை ராஜஸ்தானிடம் விட்டது. அந்தத் தோல்விக்காக அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவர் ஒருவரை, எங்கள் ஊரில் வேண்டாம், சென்னையிலாவது எனக்குக் காட்டுங்கள்.